தனிக் குழாய்

ஒரு நிமிடம் சார், இந்த இருக்கையைத் துடைத்துவிட்டு உட்காருகிறேன். தப்பாக நினைக்காதீர்கள், உங்களைச் சொல்லவில்லை. இந்த விண்நிலையத்தில் யார் எங்கே உட்கார்ந்தார்கள், எந்தக் கையால் எதைத் தொட்டார்கள் என்று ஒன்றும் தெரிவதில்லை. வந்த நாளிலிருந்து எனக்குக் குமட்டிக்கொண்டே இருக்கிறது.

நீங்களும் துறைமுக அலுவலகத்துக்குத்தானா? நல்லதாகப் போயிற்று. இந்த வண்டி நிலையத்தின் வளையம் முழுக்கச் சுற்றிக்கொண்டுதான் போகுமாம். பேசிக்கொண்டே போகலாம்.

நான் வெண்திட்டுக்காரன். ஆமாம், அதேதான். பனித்தரை பிளந்து, குடியிருப்பே உள்ளே போய்விட்டதே, அந்த நிலவு. செய்தியில் பார்த்திருப்பீர்கள். பார்க்கிறவர்கள் எல்லாரும் என்னிடம் ஒன்றைத்தான் சொல்கிறார்கள். "அந்தக் கேப்டன் அம்மா தெய்வம் மாதிரி வந்து காப்பாத்துனாங்களாமே!" தெய்வமாம். அந்தத் தெய்வத்தின் மேல் புகார் கொடுக்கத்தான் சார் போய்க்கொண்டிருக்கிறேன். அவளுடைய கப்பல், கன்னிமுத்து, இன்றைக்குக் கிளம்புகிறது. கிளம்புவதற்குள் புகார் பதிவானால் கப்பலை நிறுத்திவைப்பார்கள். நிறுத்தியே ஆக வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

என் பெயர் வைரவநாதன். வெண்திட்டு மேல்கூட்டின் தண்ணீர்க் கமிட்டித் தலைவர். எனக்கு முன்னால் என் அப்பா, அவருக்கு முன்னால் அவருடைய அப்பா. எங்கள் நிலவில் இரண்டு கூடுகள் இருந்தன. கூடு என்றால் கூரை போட்ட ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கப்பலில் வந்து இறங்கியவர்கள் நாங்கள், மேல்கூட்டில் இருந்தோம். இரண்டாவது கப்பலில் வந்தவர்கள் கீழ்கூட்டில். பனியை உருக்கி எடுக்கிற தண்ணீர் முதலில் எங்களுக்கு வரும். அது முதல்நீர். நாங்கள் குடித்து, சமைத்து, குளித்து, துவைத்து முடித்ததை இயந்திரம் சுத்தப்படுத்திக் கீழே அனுப்பும். அது மறுநீர். கீழ்கூடு அதைக் குடிக்கும். சட்டம் என்று ஒன்றும் கிடையாது சார். முறை. யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. தண்ணீர் பள்ளத்துக்குத்தானே ஓடும்?

மறுநீரும் நல்ல சுத்தமாகத்தான் இருக்கும். எங்கள் முதல்நீரைவிடச் சுத்தம் என்று என் மகளே ஒருமுறை சோதித்துப் பார்த்துச் சொன்னாள். நான் அவளிடம் சொன்னேன், சுத்தம் வேறு, முறை வேறு. மேல்கூட்டுக்காரன் ஒருவன் ஒரே ஒரு மடக்கு மறுநீர் குடித்தாலும் போதும், அன்றைக்கே சாமானைக் கட்டிக்கொண்டு கீழே போய்விட வேண்டும். பிறகு மேலே ஏற முடியாது. என் சித்தப்பா மகன் நடராசன் காய்ச்சலில், எது எந்தக் குடம் என்று தெரியாமல் குடித்துவிட்டான். அவன் மனைவி என் காலில் விழுந்து கதறினாள். தம்பி முறை ஆயிற்றே என்று நான் பார்த்தேனா? பார்க்கவில்லை. கீழே அனுப்பினேன். தலைவர் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

சரி, கதைக்கு வருகிறேன்.

பெரிய கிரகம் இழுத்த இழுப்பில் எங்கள் பனித்தரை விரிசல் விட்டது. அடியில் இருந்த வெந்நீர் பீச்சியடிக்க ஆரம்பித்தது. உதவி கேட்டுக் குரல் கொடுத்தோம். மீட்புக் கப்பல் அனுப்புவார்கள் என்று பார்த்தால், பக்கத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு சரக்குக் கப்பலைத் திருப்பிவிட்டார்கள். என்ன சரக்கு தெரியுமா? எரு. விவசாய நிலவுகளுக்கு எரு கொண்டுபோகிற கப்பல்! கதவு திறந்ததும் ஒரு வாடை வந்தது பாருங்கள். எங்கள் குஞ்சம்மாள் அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எனக்குச் சாவு வந்தாலும் இங்கயே வரட்டும்டா வைரவா" என்றாள்.

எங்கள் பக்கத்து வாசல் தரை நடுக்கத்தில் கோணிக்கொண்டு திறக்கவே இல்லை. கீழ்கூட்டு வாசல் ஒன்றுதான் மிச்சம். அதனால் நாங்கள் அத்தனை பேரும் கீழ்கூடு வழியாக நடந்துபோக வேண்டியதாயிற்று. அங்கே சமைத்த வாசனை, அவர்கள் துணி, அவர்கள் பாய். உடம்பை ஒடுக்கிக்கொண்டு நடந்தோம். போய்ப் பார்த்தால் கீழ்கூட்டு ஜனம் எங்களுக்கு முன்னால் கப்பலில் ஏறி உட்கார்ந்திருக்கிறது! நாங்கள் முதல் கப்பல் ஜனம் சார். வரிசை என்ன ஆயிற்று?

வாசலில் கேப்டன் நின்றாள். மரியபுஷ்பம். பெயரைப் பார்த்து ஏதோ மென்மையான ஆள் என்று நினைக்காதீர்கள். சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு, முழங்கை வரைக்கும் எருத்தூளோடு நிற்கிறாள். "வாங்க, வாங்க, சீக்கிரம்" என்று கையை ஆட்டுகிறாள், கோழியைக் கூண்டில் அடைக்கிற மாதிரி.

நான் மரியாதையாகத்தான் கேட்டேன். "அம்மா, உங்கள் கப்பலில் தண்ணீர் ஏற்பாடு எப்படி?"

"தண்ணிக்கு ஒரு குறையுமில்லங்கய்யா. எல்லாருக்கும் காணும். ஏறுங்க."

"அது இல்லை. முதல்நீரா, மறுநீரா?"

அவளுக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னேன். அவள் சிரிக்கிற மாதிரி வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டாள். "அய்யா, கப்பல்ல தண்ணி ஒண்ணுதான். குடிக்கது, குளிக்கது, வேர்வை, விடுற மூச்சுல போற ஈரம், இன்ன பிற, எல்லாம் சுத்தமாகித் திரும்பவும் அதே குழாய்க்குத்தான் வரும். நானும் அதத்தான் குடிக்கேன்."

இன்ன பிற! கேட்டீர்களா? மனிதன் காதால் கேட்கக்கூடிய பேச்சா? அங்கே உட்கார்ந்திருக்கிற கீழ்கூட்டு ஜனம் விட்ட மூச்சை நான் குடிக்க வேண்டுமாம். என் பின்னால் நின்ற எங்கள் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன செய்ய முடியும்? என் பொறுப்பு அது. சொன்னேன். "மேல்கூட்டுக்குத் தனி ஏற்பாடு செய்யும்வரை ஒருவரும் ஏறமாட்டோம்."

தரை அப்போதும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. நான் இல்லை என்று சொல்லவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வாசல் கதவின் மோட்டார் நடுக்கத்தில் செத்துப்போயிருந்தது. வெளிப்பக்கம், நாங்கள் நின்ற தாழ்வாரத்தில், ஒரு இரும்புத் தண்டு இருந்தது. அதை ஒருவர் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தால்தான் கதவு திறந்து நிற்கும். விட்டால் மெதுவாக மூடிக்கொள்ளும். கடைசி ஆள் ஏறியதும் பிடித்திருக்கிறவன் தண்டை விட்டுவிட்டு உள்ளே பாய்ந்துவிட வேண்டும். அதுதான் திட்டம். கீழ்கூட்டு ஆள் மாசாணம் என்று ஒருவன், அந்த வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவன், தண்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் மனைவி உலகம்மாள் உள்ளே ஏறியாகிவிட்டது.

அவன் என்னிடம் சொல்கிறான், "அய்யா, கை மரத்துப்போச்சு. தண்ணி வெவகாரத்த உள்ள போயிப் பேசிக்கலாமே. ஏறுங்க சாமி."

என்னிடம் அவன் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை. நான் ஓர் அடி தள்ளி நின்றுகொண்டேன். என் மகள் வடிவு கேட்டாள், "நான் போய் அவர்கூட பிடிக்கட்டுமா அப்பா?" என்று. அந்தத் தண்டில் அவன் கை படாத இடம் ஏது? வேண்டாம் என்றேன்.

கேப்டன் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சோற்றில் கல்லைக் கடித்துவிட்டவள் மாதிரி பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பிக் கத்தினாள். "லே சூசை! இங்க வாலே!"

சூசை அவள் என்ஜினியர். ஒல்லியான ஆள். ஓடி வந்தான்.

"இவங்களுக்கு ஒரு தனிக் குழாய் வேணுமாம்ல. போட்டுக் குடு."

"தனிக் குழாயாக்கா? தொட்டி ஒண்ணுதான..."

"போட்டுக் குடுன்னு சொல்லுதேன்ல."

அவன் அவளைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், ஓடினான். உள்ளே தட்டுகிற சத்தம் கேட்டது. நாங்கள் காத்துக்கொண்டிருந்தோம். வடிவு என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அப்பா, தண்ணிதானே அப்பா!" என்றாள். படித்த பெண், தண்ணீர் இயந்திரத்தைப் பிரித்து மாட்டுகிற பெண், தண்ணிதானே என்கிறாள்.

சூசை வந்து, "ரெடிங்கய்யா. மூணாவது அறையில. வெள்ளை நாடா கட்டியிருக்கு" என்றான்.

அதன் பிறகு ஏற ஆரம்பித்தோம். முறைப்படிதான் ஏறினோம். மூத்த குடும்பத்து மூத்தவர் முதலில், அதாவது நான். அடுத்து குஞ்சம்மாள் அத்தை. பிறகு வயதுவாரியாக. கல்யாணமாகாத இளசுகள் கடைசி. ஓடுங்கள், ஓடுங்கள் என்று கேப்டன் தொண்டை கிழியக் கத்தினாள். எங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் முந்தவில்லை. அவ்வளவு ஆபத்திலும் முந்தவில்லை சார்! எனக்கு அதில் பெருமைதான்.

கடைசியாக வடிவு. அவள் வாசல்படியில் கால் வைக்கும்போது வெளியே தாழ்வாரம் பிளந்தது. காற்று ஊளையிட்டுக்கொண்டு போயிற்று. மாசாணம் ஒரு கையால் தண்டைப் பிடித்தபடியே இன்னொரு கையால் வடிவை முதுகில் ஓங்கித் தள்ளினான். அவள் உள்ளே வந்து என் காலடியில் விழுந்தாள். காற்று இழுத்த வேகத்தில் கதவு படாரென்று மூடிக்கொண்டது. அவன் வெளியே.

வருத்தமான விஷயம்தான். நான் மனிதன் இல்லையா? ஆனால் அவனை அங்கே நிற்கச் சொன்னது நான் இல்லை. என் மகளைத் தொட்டுத் தள்ளினான், அதைக்கூட நான் ஒரு குறையாக இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கப்பல் கிளம்பிற்று. மூன்றாவது அறையில் வெள்ளை நாடா கட்டிய குழாய் இருந்தது. முதலில் நான் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துப் பார்த்துவிட்டு, "முதல்நீர்தான். எல்லாரும் குடிக்கலாம்" என்றேன். எல்லாரும் குடித்தார்கள். குஞ்சம்மாள் அத்தை கண்ணை மூடிக்கொண்டு, "பாத்தியா, உள்ள போனதும் தொண்டை அப்படியே தெறக்குது. என்ன இருந்தாலும் மறுநீருக்கு இதோட குணம் வருமா?" என்றாள். அந்த எரு வாடையிலும் எங்களுக்கு ஒரு தெம்பு வந்தது.

வடிவு குடிக்கவில்லை. அவள் எங்களோடு உட்காரவே இல்லை. உலகம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அந்த அம்மாள் குடித்து மிச்சம் வைத்த டம்ளரை வாங்கி, எல்லாரும் பார்க்க, என் கண் முன்னால், குடித்தாள். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். எங்கள் ஆட்களிடம், "பயத்தில் அவளுக்குப் புத்தி கலங்கியிருக்கிறது. கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம்" என்று சொல்லிவைத்தேன். நடராசனுக்கு ஏன் அப்படிச் சொல்லவில்லை என்று கேட்காதீர்கள். அது வேறு.

பிறகு அவள் சூசையோடு இயந்திர அறையில் வேலை செய்ய ஆரம்பித்தாள். ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். கையெல்லாம் எண்ணெய்க் கறை.

"அப்பா, உங்க குழாய்க்குப் பின்னாடி என்ன இருக்குன்னு பார்த்தேன். இந்தக் கப்பல்ல இருக்கிறதே ஒரே ஒரு தொட்டி. எல்லாக் குழாயும் அதுலேர்ந்துதான் வருது. அந்த நாடா மட்டும்தான் தனி."

அந்த நாடாவும் எது தெரியுமா? எரு மூட்டையின் வாயைக் கட்டுகிற நாடா. அதையும் அவளே சொன்னாள்.

நேராகக் கேப்டனிடம் போனேன். அவள் ஒரு தட்டில் கஞ்சி வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"நீ எங்களை ஏமாற்றிவிட்டாய்" என்றேன்.

"தனிக் குழாய் கேட்டீங்க. குழாய் தனியாத்தான இருக்கு? தனித் தண்ணி வேணும்னா முன்னாடியே சொல்லியிருக்கணும், வர்ற வழியில ஒரு கடல வாங்கிட்டு வந்திருப்பேன்."

"உன் மேல் புகார் கொடுப்பேன்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "கொடுங்க. நானே என் மேல ஒண்ணு கொடுக்கலாம்னு இருக்கேன். உங்கள அந்த எடத்துலயே கழுத்தப் பிடிச்சு உள்ள தள்ளியிருக்கணும். பெரிய மனுசன்னு மொகம் பாத்துட்டேன். நாடா கட்டிக்கிட்டிருந்த நேரத்துல ஒரு ஆளத் தொலச்சுட்டேன்." பிறகு தட்டை நகர்த்திவிட்டு, "போங்கய்யா, உங்களப் பாத்தா சாப்பாடு இறங்கல" என்றாள்.

என்னைப் பார்த்தால்! அவளுக்கு! சார், எருவில் குளித்த ஒருத்தி என்னைப் பார்த்து முகத்தைச் சுளிக்கிறாள்!

இதில் கொடுமை என்ன என்றால், நான் அதற்குப் பிறகும் அந்தக் குழாயில்தான் குடிக்க வேண்டியிருந்தது. குடிக்காமல் இருந்தால் எங்கள் ஆட்கள் ஏன் என்று கேட்பார்களே. ஒவ்வொரு வேளையும் எல்லாருக்கும் முன்னால் போய், டம்ளரை நிரப்பி, முகம் மாறாமல் குடித்துவிட்டு, "ஆகா" என்று சொல்வேன். பிறகு கழிப்பறையில் போய் வாந்தி எடுப்பேன். அதுவும் அதே தொட்டிக்குத்தான் போகும் என்று நினைத்ததும் மறுபடி வாந்தி வரும்.

வடிவு வேறு யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நான் சொன்னா வெறும் ஊர்வம்பு ஆயிடும். நீங்க சொல்லணும்பா. எல்லாரையும் உட்காரவெச்சு, குழாயப் பத்தியும் சொல்லுங்க, மாசாணம் எதுக்காக அவ்வளவு நேரம் நின்னாருன்னும் சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா உங்ககூடவே வந்துடறேன். சொல்லலைன்னா நான் இந்தக் கப்பல்லயே வேலைக்குப் போறேன். கேப்டன் சேர்த்துக்கிறேன்னு சொல்லிட்டாங்க" என்றாள்.

அவளுக்கு அம்மா இல்லை சார். நான்தான் தலை வாரிவிட்டு, பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டு, வளர்த்தேன். அவளைத் தவிர எனக்கு யாரும் இல்லை. அவளுக்கு வயது வந்துவிட்டது, சட்டப்படி நான் தடுக்க முடியாது. ஆனால் எப்படிச் சொல்வது? சொன்னால் எங்கள் ஜனம் மொத்தமும் மறுநீர் குடித்த ஜனம். எங்களுக்குப் புது நிலவு ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கேயும் இரண்டு கூடு கட்டித் தரச் சொல்லியிருக்கிறோம், மேல்கூட்டுக்கு மறுபடியும் என்னைத்தான் தலைவராக வைத்திருக்கிறார்கள். இதைச் சொன்னால் மேலே ஏறுவதற்கு ஒரு ஆள் மிஞ்சுவானா? குஞ்சம்மாள் அத்தை உயிரோடு இருப்பாளா?

அதனால்தான் இந்தப் புகார். கேப்டன் பயணிகளை ஏமாற்றினாள் என்று காதோடு காதாக அதிகாரியிடம் சொல்லிவிட்டால் கப்பல் நிற்கும். கப்பல் நின்றால் வடிவும் நிற்பாள். நாலு நாளில் அவள் கோபம் தணிந்துவிடும்.

என்ன சார்? என்ன சொன்னீர்கள்?

விசாரணை எல்லாருக்கும் முன்னாலா?

அந்தக் கப்பலில் வந்தவர்கள் அத்தனை பேரையுமா கூப்பிடுவார்கள்? எங்கள் ஆட்களையும்? புகாரை வாய்விட்டுப் படிப்பார்களா? உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா? நீங்கள் அந்த அலுவலகத்திலேயே வேலை பார்த்தவரா. சரி. சரி.

வேறு மாதிரிப் புகார் கொடுத்தால்? எரு வாடை என்று? அறை சுத்தமில்லை என்று? கேப்டன் மரியாதை இல்லாமல் பேசினாள் என்று?

அதற்கெல்லாம் கப்பலை நிறுத்தமாட்டார்கள். ஆமாம். நிறுத்தமாட்டார்கள்தான்.

எவ்வளவு அசிங்கமான நிர்வாகம் பாருங்கள். ஒரு மனிதன் தன் குறையைச் சத்தமில்லாமல் சொல்ல ஒரு வழி வைக்கவில்லை. எல்லாவற்றையும் ஊரைக் கூட்டித்தான் பேச வேண்டுமாம். குமட்டுகிறது சார். இந்த இடம் முழுக்கக் குமட்டுகிறது.

துறைமுகம் வந்துவிட்டதா? நீங்கள் இறங்குங்கள். நான்... எனக்குக் கொஞ்சம் தலை சுற்றுகிறது. உட்கார்ந்தே இருக்கிறேன். இதே வண்டி இன்னொரு சுற்றுச் சுற்றி மறுபடியும் இங்கேதானே வரும்? அப்போது இறங்கிக்கொள்கிறேன். நன்றாக யோசித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

சார், ஒரு நிமிடம். நீங்கள் எங்கள் ஆட்கள் யாரையாவது பார்த்தால் அந்தக் குழாய் விஷயத்தை மட்டும் சொல்லிவிடாதீர்கள். மற்றதெல்லாம் சொல்லலாம், பாதகமில்லை.

என்ன, தரை அதிர்கிறது? கப்பல் ஏதோ கிளம்புகிறது போலிருக்கிறது. பெரிய துறைமுகம். நாள் முழுக்க எத்தனையோ கப்பல் கிளம்பும். இது வேறு ஏதாவது கப்பலாக இருக்கும் சார். நீங்கள் இறங்குங்கள், கதவை மூடப்போகிறார்கள்.